வாசகருக்கல்லாத குறிப்புகள்: ஒரு கோப்புப் பட்டியலின் நிறங்கள் பற்றி

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் பத்திரிகைத் தொழிலுக்குள் காலடி எடுத்து வைத்தபோது, எமது அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோர்க்கும் முறையே வழக்கில் இருந்தது. செய்திப் பிரதியின் ஓரங்களிலும் வரிகளுக்கு இடையிலும் துணை ஆசிரியர்கள் சிவப்புப் பென்சிலால் குறிப்புகளை எழுதுவார்கள். 'தடித்த எழுத்தில்', 'இரு பத்தி அகலம்', 'பெட்டி கட்டவும்' என்றவாறாக அவை இருக்கும். அக்குறிப்புகள் அச்சுக்கோப்பாளருக்கு உரியவை. அவர் அதனைப் பார்ப்பார், அதன்படி செய்வார், குறிப்பு அவருடைய மேசையோடு முடிந்துவிடும். வாசகர் காண்பது தடித்த எழுத்தையே அன்றி 'தடித்த எழுத்தில்' என்ற கட்டளையை அல்ல.

ஒரு நாள் புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் மரண அறிவித்தல் ஒன்றைக் கோர்த்தார். மறுநாள் காலைப் பத்திரிகையில் 'அன்னாரின் இறுதிக் கிரியைகள் தடித்த எழுத்தில் நாளை பிற்பகல் 3 மணிக்கு நடைபெறும்' என்று வந்துவிட்டது. ஒப்புநோக்குநரின் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது. துக்கத்தில் இருந்த குடும்பத்தினர் அலுவலகத்திற்கு வந்து நின்றபோது அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எவருக்கும் தெரியவில்லை.

அச்சம்பவத்தை நான் நீண்டகாலமாக மறந்திருந்தேன். 2020ஆம் ஆண்டில், எனது வீட்டு மேசையில், ஒரு லினக்ஸ் கணினியின் முன்னால் அமர்ந்து அதே தவறை நானே செய்த பின்னர்தான் அது மீண்டும் நினைவுக்கு வந்தது.

விடயத்திற்குள் செல்வதற்கு முன்னர் ஒரு வார்த்தை. இக்கட்டுரையில் கணினிக் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கின்றேன். கணினியில் இடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடவேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பேரெழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே குறிப்பிடுகின்றேன்.

அவ்வருடம் மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் பலரையும் போல நானும் பழைய கட்டுரைகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் இறங்கினேன். கட்டுரைகள், ஒளிவருடிய புகைப்படங்கள், சிப் வடிவில் கட்டிவைத்த பழைய இதழ்கள் என்று எல்லாம் ஒரு பழைய கணினியின் ஒரே கோப்புறையில் குவிந்து கிடந்தன. பாடசாலைகள் மூடப்பட்டிருந்தமையால் அயல்வீட்டுப் பிள்ளைக்கு இணையவழி வகுப்புகளுக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. அந்தப் பழைய கணினியைத் தருவதாகச் சொல்லிவிட்டேன். எனது கோப்புகளைப் புதிய வன்தட்டுக்கு மாற்றியதும், பிள்ளையின் தமையன் வந்து கணினியை முற்றாக அழித்துப் புதிதாக நிறுவுவதாக ஏற்பாடு.

கோப்புறையில் இருந்த சொந்தக் கடிதங்களை மாத்திரம் தனியே வைக்க விரும்பினேன். எனவே எல்எஸ் கட்டளையின் விளைவை ஒரு கோப்பில் சேமித்து, 'கடிதம்' என்று தொடங்கும் பெயர்களை கிரெப் கட்டளையால் நீக்கி, எஞ்சிய பட்டியலை உருவாக்கினேன். அதனைத் திரையில் பார்த்தேன். படங்களின் பெயர்கள் ஊதாவிலும் சிப் கட்டுகள் சிவப்பிலும் அழகாக வந்தன. எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். வெறும் எழுத்துகளை மட்டும் கொண்ட ஒரு கோப்புக்கு நிறம் எங்கிருந்து வந்தது என்று நான் என்னையே கேட்கவில்லை.

பின்னர் பட்டியலை வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு கோப்பையும் புதிய வன்தட்டுக்குப் பிரதிசெய்யும் ஒரு சிறு கட்டளைத் தொடரை இட்டேன். எங்கோ கண்ட ஒரு மாதிரியைப் பின்பற்றியதால், பிழைச் செய்திகளை டெவ் நல் எனப்படும் பாழ்கிணற்றுக்குள் தள்ளிவிடும் பகுதியும் அதில் சேர்ந்தே வந்தது. வேலை ஓசைப்படாமல் முடிந்தது.

என்னைக் காப்பாற்றியது தொழிற்பழக்கம். சொற்களை எண்ணாமல் பக்கத்தை அனுப்பாத ஒருவன் நான். பட்டியலில் இருந்தவை 1,846 வரிகள். புதிய வன்தட்டில் இருந்தவை 1,203 கோப்புகள். மறுநாள் காலை பிள்ளையின் தமையன் வருவதாக இருந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் எனது சகோதரியின் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். கணினித் துறையில் பணிபுரிபவன்.

"மாமா, என்ன சாதிக் கோப்புகள் வரேல்லை?" என்று கேட்டான்.

"படங்களும் சிப் கட்டுகளும்."

"கட்டுரை எல்லாம் வந்திட்டுதோ?"

"ஒன்றும் குறையவில்லை."

"அப்ப நிறம் உள்ளதுதான் வரேல்லை. கோப்பு அங்கைதான் இருக்கு. நீங்கள் பட்டியலிலை குடுத்த பேர்தான் பிழை. கட் கட்டளையோடை சிறுகோடு வி போட்டு அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கோ."

பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் முன்னால் ^[[01;35எம் என்றும், பின்னால் ^[[0எம் என்றும் இருந்தது. கட் கட்டளையைத் தனியே இட்டால் இவை தெரிவதில்லை, நிறம் மட்டுமே தெரிகின்றது. 'வி' என்ற எழுத்தைச் சேர்த்து இட்டால் மறைந்திருப்பவை வெளியில் வருகின்றன. கணினியைப் பொறுத்தவரை, அந்தக் குறிகளையும் பெயரின் பகுதியாகக் கொண்ட ஒரு கோப்பைத் தேடும்படி நான் கேட்டிருக்கின்றேன். அப்படியொரு கோப்பு உலகில் இல்லை. இல்லை என்று அது 643 தடவை சொல்லியும் இருக்கின்றது. சொன்ன அனைத்தையும் கிணற்றுக்குள் தள்ளியவன் நான்தான்.

'இறுதிக் கிரியைகள் தடித்த எழுத்தில் நாளை நடைபெறும்.'

ஆம், இது அதுவேதான். கோப்புகளுக்கு நிறம் என்று ஒன்று இல்லை. வன்தட்டில் எந்தக் கோப்பும் நீலமாகவோ சிவப்பாகவோ எழுதப்பட்டிருப்பதில்லை. பெயரைத் திரைக்கு அனுப்பும்போது எல்எஸ் அதற்கு முன்னும் பின்னும் சிவப்புப் பென்சில் குறிப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்புகின்றது. ஆஸ்கி வரிசையில் 27ஆம் இலக்கமான எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி, ஒரு சதுர அடைப்பு, சில எண்கள், இறுதியில் எம் என்ற எழுத்து - இதுதான் அக்குறிப்பின் வடிவம். 01 என்றால் தடித்த எழுத்து, 31 சிவப்பு, 32 பச்சை, 34 நீலம், 35 ஊதா. முனையம் எனப்படும் திரையே இங்கு அச்சுக்கோப்பாளர். அது குறிப்பை அச்சிடுவதில்லை, அதன்படி செய்கின்றது. ஆனால் திரைக்குப் போகவேண்டிய பிரதி ஒரு கோப்புக்கோ இன்னொரு கட்டளைக்கோ போனால், அங்கே அச்சுக்கோப்பாளர் இல்லை. குறிப்பும் செய்தியாகிவிடுகின்றது.

யுனிக்ஸ் பிறந்த காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1971 நவம்பரில் வெளியான யுனிக்ஸின் முதலாவது கையேட்டிலேயே எல்எஸ் கட்டளை உண்டு. அக்காலத்தில் விளைவுகள் டெலிடைப் இயந்திரத்தில் காகிதத்தில் தட்டச்சாகி வந்தன, நிறத்திற்கு அங்கே இடமில்லை. எஸ்கேப் குறிப்புகளுக்கான எக்மா-48 தரநிர்ணயம் 1976இல் வந்தது. அதனைப் பரவலாக்கிய விரி-100 முனையம் 1978இல் சந்தைக்கு வந்தது, அதுவும் நிறமற்றதே. கோப்புப் பட்டியலுக்கு நிறமிடும் வழக்கம் தொண்ணூறுகளில் லினக்ஸுடன் சேர்ந்து பரவியது. எந்த வகைக் கோப்புக்கு எந்த நிறம் என்று வகுக்கும் டிர்கலர்ஸ் கட்டளையின் கையேட்டைத் திறந்தால், எழுதியவர் எச். பீற்றர் அன்வின் என்று காணலாம். லினக்ஸ் கருவின் வளர்ச்சியிலும் அறியப்பட்ட பெயர் அது.

நிறத்தைச் சேர்த்தவர்கள் நான் விழுந்த குழியை அறியாதவர்கள் அல்லர். அதற்காகவே --கலர் என்ற தெரிவுக்கு மூன்று பெறுமதிகளை வைத்தார்கள்: நெவர், ஓல்வேய்ஸ், ஓட்டோ. ஓட்டோ என்றதும் எமது வாசகர்களுக்கு முச்சக்கர வண்டி நினைவுக்கு வரலாம். இங்கே அதன் பொருள் 'நிலைமையறிந்து நட' என்பதாகும். அப்பெறுமதியை இட்டால், பெயர்களை அனுப்புவதற்கு முன்னர் எல்எஸ் ஒரு கேள்வி கேட்கின்றது: மறுமுனையில் இருப்பது முனையமா? ஆம் எனில் நிறக்குறிப்பைச் சேர்க்கும். கோப்போ குழாயோ எனில் வெறும் பெயர்களையே அனுப்பும். ஓல்வேய்ஸ் அவ்வாறு எதையும் கேட்பதில்லை.

எனது கணினியில் ஓல்வேய்ஸ் எவ்வாறு வந்தது? கணினியை நிறுவியபோது இருந்தது ஓட்டோதான். சில மாதங்களுக்கு முன்னர் நீண்ட பட்டியல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதற்காக அதனை லெஸ் கட்டளைக்குக் குழாய்வழி அனுப்பினேன். நிறங்கள் மறைந்துவிட்டன. ஏதோ பழுதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அதனைத் திருத்துவதற்காக .பாஷ்ஆர்சி கோப்பில், எல்எஸ் என்று இட்டால் 'எல்எஸ் --கலர்' என்று கொள்ளும்படி மாற்றினேன். நிறங்கள் திரும்பின, ஆனால் லெஸ் திரையில் ஈஎஸ்சி[01;34எம் என்ற குப்பையாக. லெஸ் கட்டளைக்குப் பேரெழுத்து ஆர் தெரிவைக் கொடுத்தால் அக்குப்பை நிறமாக மாறும் என்று அறிந்து அதனையும் செய்தேன். பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

உண்மையில் பிரச்சினை என்று ஒன்று அதுவரை இருக்கவேயில்லை. குழாயினுள் நிறம் மறைந்தது பழுது அல்ல, அதுவே சரியான நடத்தை. நான் செய்த 'திருத்தமே' பழுது. நிறத்தோடு பக்கம் பக்கமாகப் பார்க்க விரும்பியிருந்தால், அந்த ஒரு தடவைக்கு மாத்திரம் 'எல்எஸ் --கலர்=ஓல்வேய்ஸ்' என்று இட்டு, லெஸ் கட்டளையின் ஆர் தெரிவோடு பார்த்திருக்கலாம். ஒரு தடவைக்குரிய விதிவிலக்கை நான் நிரந்தரச் சட்டமாக்கினேன். எமது நாட்டில் விதிவிலக்குகள் எவ்வாறு நிரந்தரமாகின்றன என்று தலையங்கம் எழுதிய கை இது.

இங்கே எனது முறைப்பாடு ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். 'எல்எஸ் --கலர்' என்று பெறுமதி எதுவும் கொடாமல் இட்டால், அது ஓல்வேய்ஸ் என்றே கொள்ளப்படுகின்றது. எதுவும் குறிப்பிடாதவர் ஒன்றில் அறியாதவராக அல்லது கவலைப்படாதவராக இருப்பார். அப்படிப்பட்டவருக்கு மிகவும் ஆபத்தான பொருளை வழங்குவது நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. மருமகன் இதனை ஏற்கவில்லை. நீண்டகாலமாக இருந்துவரும் பொருளை இன்று மாற்றினால், அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் குழம்பும் என்றான். அதில் உண்மை உண்டு. ஆயினும் அது பிழையை மாற்றாமல் விடுவதற்கான காரணமே தவிர, பிழை சரியென்பதற்கான காரணம் அல்ல என்று இன்றும் கருதுகின்றேன்.

அவன் சொன்ன மற்றொன்றை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டேன். எல்எஸ் மனிதர் பார்ப்பதற்கான கட்டளை. அதன் விளைவை இன்னொரு நிரலுக்கு உணவாகக் கொடுப்பதே அடிப்படையில் தவறு. கோப்பின் பெயரில் வரிமுறிவுகூட இருக்கலாம், அப்போது நிறமே இல்லாவிட்டாலும் ஒரு பெயர் இரு வரிகளாகப் பிரிந்து பட்டியல் சிதறும். அவ்வாறான வேலைகளுக்கு ஃபைண்ட் கட்டளையோ, ஷெல்லின் நட்சத்திரக் குறியோதான் உரியது.

இப்போது, இதே குழியில் விழுந்தவர்கள் எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். பத்திரிகையாளர்களாகிய எமக்குப் புனைபெயர்கள் பழக்கமானவை. ஷெல்லில் ஏலியஸ் என்பதும் ஒரு புனைபெயரே. நாம் எல்எஸ் என்று அழைக்கும்போது, அப்பெயருக்குப் பின்னால் யார் இருக்கின்றார் என்பது எமக்குத் தெரிவதில்லை. 'டைப் எல்எஸ்' என்று இட்டால் பாஷ் அதனை வெளிப்படுத்திவிடும். அதில் --கலர் தனியே நின்றாலோ ஓல்வேய்ஸ் நின்றாலோ குற்றவாளி கிடைத்துவிட்டார். பின்சாய்வுக்கோடு ஒன்றை முன்னால் இட்டு எல்எஸ் என்று எழுதினால், புனைபெயரைத் தவிர்த்து அசல் கட்டளை இயங்கும். கோப்பில் எழுதி இயக்கப்படும் நிரல்களில் பாஷ் இந்தப் புனைபெயர்களைச் சாதாரணமாக விரிப்பதில்லை. எனவே அதே கட்டளைகளை நான் ஒரு நிரலாக எழுதி இயக்கியிருந்தால் 1,846 கோப்புகளும் போய்ச் சேர்ந்திருக்கும். கையால் இட்டால் பிழைக்கும், நிரலில் சரியாக நடக்கும் என்ற இந்த முரண்பாடு பலரைக் குழப்பியிருக்கின்றது. புனைபெயரே அதன் காரணம்.

இதற்கு எதிர்மாறான முறைப்பாடும் உண்டு: நிறமே வரவில்லை என்பது. பாஷ், உள்நுழைவின்போது .பாஷ்ஆர்சி கோப்பைத் தானாக வாசிப்பதில்லை, .பாஷ்_புரொஃபைல் அல்லது .புரொஃபைல் கோப்பைத்தான் வாசிக்கின்றது. முன்னதைப் பின்னது அழைக்காவிட்டால், தொலைவிலுள்ள வழங்கிக்குள் நுழையும்போது நிறம் இருக்காது. ரூட் பாவனையாளராக மாறினாலும் அவருடைய .பாஷ்ஆர்சி வேறு. மாக் கணினிகளின் எல்எஸ், பீஎஸ்டி வழிவந்தது. அங்கே பேரெழுத்து ஜீ தெரிவு அல்லது சீஎல்ஐகலர் என்ற சூழல் மாறி வேண்டும், நிறங்களைக் குறிக்கும் முறையும் வேறு. இன்னொன்று, எல்எஸ்_கலர்ஸ் என்ற மாறியில் ஏதேனும் ஒரு துண்டு பிழையாக இருந்தால், அம்மாறியைப் பகுக்க முடியவில்லை என்று ஒரு வரி முறையிட்டுவிட்டு எல்எஸ் நிறத்தை முற்றாகக் கைவிட்டுவிடும். அந்த ஒரு வரியை வாசிக்காமல் வேறெங்கோ தேடுபவர்கள் பலர். பிழைச் செய்திகளைக் கிணற்றில் தள்ளிய நான் அவர்களைக் குறைகூற முடியாது.

இவையெல்லாம் நிறம் தவறான இடத்திற்குச் சென்ற அல்லது செல்லத் தவறிய சங்கதிகள். நிறம் உண்மையைச் சொல்லும்போது அதன் வாயை மூடிவிடும் சங்கதி ஒன்றும் உண்டு. அதுவே எனக்குக் கூடுதல் கவலை தருகின்றது.

விண்டோஸில் பயன்படுத்திய என்ரிஎஃப்எஸ் வன்தட்டு ஒன்றை லினக்ஸ் கணினியில் பொருத்திப் பார்த்தவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். கோப்புறைகளின் பெயர்கள் பச்சைப் பின்னணியில் நீல எழுத்தில், வாசிக்கவே முடியாதவாறு வரும். கோப்புகள் எல்லாம் கடும் பச்சையில் இருக்கும். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸினுள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதியை 2016இல் அறிமுகப்படுத்திய பின்னர், சீ தட்டைத் திறந்து பார்த்த ஏராளமானோரும் இதே காட்சியைக் கண்டார்கள். வைரஸ் தாக்கிவிட்டது என்று முதலில் நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

பரவலாகத் தரப்படும் ஆலோசனை, எல்எஸ்_கலர்ஸ் மாறியில் 'ஓடபிள்யூ' என்ற பகுதியின் நிறத்தை மாற்றிவிடுங்கள் என்பதாகும். கண்ணுக்கு இதம் கிடைக்கும். ஆனால் ஓடபிள்யூ என்பது என்ன? பிறர் எவரும் எழுதக்கூடிய கோப்புறை என்று அதன் பொருள். அந்த அசிங்கமான நிறம் ஒரு செய்தியைச் சொல்கின்றது: இந்தக் கோப்புறைக்குள் இக்கணினியின் எந்தப் பாவனையாளரும் கோப்பை வைக்கலாம், இருப்பதை அழிக்கலாம். என்ரிஎஃப்எஸ் அமைப்புக்கு அனுமதிகளைப் பேணும் முறை வேறு என்பதால், வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து லினக்ஸ் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் உண்டென்று, அதாவது 777 என்று காட்டுகின்றது. அத்தட்டு எனது கையில் மட்டும் இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. ஆனால் அனுமதிகளையும் சேர்த்துப் பிரதிசெய்யும் '-ஏ' தெரிவோடு அக்கோப்புறைகளை எனது வீட்டுக் கோப்புறைக்குக் கொண்டுவந்தபோது, 777உம் கூடவே வந்து குடியேறியது. வீட்டில் மூவர் பயன்படுத்தும் கணினி அது. எவரும் தவறுதலாகக்கூட எனது கட்டுரைகளை அழிக்கலாம். சாதாரணக் கட்டுரைகள் யாவும் இயங்கு நிரல்களாகக் காட்சியளித்தன.

இந்நிலையில் நிறத்தை மாற்றுவது, அபாயச் சங்கு ஊதும்போது காதில் பஞ்சை வைத்துக்கொள்வதற்கு ஒப்பானது. மாற்றவேண்டியது அனுமதியை. ஃபைண்ட் கட்டளையால் கோப்புகளைத் தனியாகவும் கோப்புறைகளைத் தனியாகவும் பிரித்து, முன்னவற்றுக்கு 644, பின்னவற்றுக்கு 755 என்று இட்டேன். உடனே கட்டுரைகளின் பச்சை மறைந்தது, கோப்புறைகள் வழமையான நீலத்திற்குத் திரும்பின. நிறத்தைப் பற்றிய ஒரு வரியைக்கூட நான் தொடவில்லை. வெளித்தட்டையும் பொருத்தும்போதே, கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் என்ன அனுமதி காட்டவேண்டும் என்று குறிப்பிட வழி உண்டு.

ஆகையால், நிறங்கள் சிறுபிள்ளை விளையாட்டு, மெய்யான பாவனையாளருக்கு அவை தேவையில்லை என்று சொல்லும் முதிர்ந்த யுனிக்ஸ் அன்பர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. எங்கோ போய்விட்ட கோப்பைச் சுட்டும் அறுந்த இணைப்பு சிவப்பில் நிற்கும்போது, அது ஓர் எச்சரிக்கைப் பலகை. ஆனால் நிறத்தை மட்டுமே நம்பி இருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இதற்குச் சொந்தக் காரணம் உண்டு.

கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வதற்கு முன்னரான இரண்டு வருடங்கள், கறுப்புப் பின்னணியில் நீலத்தில் வரும் கோப்புறைப் பெயர்கள் எனக்குத் தெரியவேயில்லை. கண்வில்லை மஞ்சளாகும்போது முதலில் மங்குவது நீலம்தான் என்று வைத்தியர் பின்னர் விளக்கினார். அக்காலத்தில் நான் கோப்புறை இல்லை என்று எண்ணி, அதே பெயரில் மீண்டும் ஒன்றை உருவாக்க முனைந்து, ஏற்கெனவே உண்டு என்ற பதிலைப் பெற்ற நாட்கள் உண்டு. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ பன்னிருவரில் ஒருவருக்குச் சிவப்பு - பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவர்களுக்குச் சிப் கட்டின் சிவப்பும் இயங்கு நிரலின் பச்சையும் என்ன சொல்லும்?

ஒரு பாதி நிவாரணம் முனையத்தின் அமைப்பில் உண்டு. 34 என்ற எண் நீலம் என்று மட்டுமே சொல்கின்றது, எந்த நீலம் என்பதைத் தீர்மானிப்பது முனையம். வெளிர்நீலத்தைத் தெரிவுசெய்தால் எல்லா நிரல்களிலும் அது மாறிவிடும். எல்எஸ் ஒன்றுக்கு மாத்திரம் மாற்ற விரும்புவோர், 'டிர்கலர்ஸ் -பி' என்று இட்டுக் கிடைக்கும் பட்டியலை .டிர்கலர்ஸ் என்ற கோப்பில் சேமித்துத் திருத்திக்கொள்ளலாம். உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் வழமையான .பாஷ்ஆர்சி அதனைத் தேடி வாசிக்கும்.

மறு பாதி நிவாரணம் நிறத்திலும் பழையது. பேரெழுத்து எஃப் தெரிவு. அதனை இட்டால் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்வுக்கோடும், இயங்கு நிரலுக்குப் பின்னால் நட்சத்திரமும், இணைப்புக்குப் பின்னால் அட் குறியும் வரும். நிறமற்ற திரையிலும், காகிதத்திலும், புரை விழுந்த கண்ணிலும் அவை ஒன்றுபோலவே தெரியும். அதனையும் புனைபெயரில் சேர்த்துவிட நான் கைவைத்தபோது மருமகன் தடுத்தான். பட்டியலைக் கோப்பில் சேமித்தால் அந்தச் சாய்வுக்கோடும் நட்சத்திரமும் பெயரோடு ஒட்டிக்கொண்டே போகும். மீண்டும் அதே மரண அறிவித்தல்! நிறத்திற்கு ஓட்டோ இருந்தும், இந்தக் குறிகளுக்கு நீண்டகாலம் அவ்வாறான ஏற்பாடு இருக்கவில்லை. 2021இல் வெளியான கோர்யூட்டில்ஸ் 9.0 பதிப்பில்தான் --கிளாசிஃபை என்ற தெரிவுக்கும் ஓல்வேய்ஸ், ஓட்டோ, நெவர் ஆகியவை வந்து சேர்ந்தன.

பழைய கணினிக்குத் திரும்புவோம். அன்றிரவே .பாஷ்ஆர்சியில் இருந்த வரியைத் திருத்தி, முனையத்தை மூடித் திறந்து, பட்டியலைக் கைவிட்டு, கடிதங்களை வேறாக நகர்த்திய பின்னர் கோப்புறையை முழுமையாகப் பிரதிசெய்தேன். எண்ணினேன். 1,846. இரண்டாவது தடவையும் எண்ணினேன். பிள்ளையின் தமையன் ஊரடங்கு தளர்ந்திருந்த நேரத்தில் வந்து, வாசலில் நின்றபடியே கணினியைப் பெற்றுச் சென்றார்.

இன்று எனது .பாஷ்ஆர்சியில் இருப்பது 'எல்எஸ் --கலர்=ஓட்டோ --கிளாசிஃபை=ஓட்டோ' என்ற ஒரே வரிதான். இதனைப் பின்பற்ற விரும்பும் வாசகர்கள், முதலில் 'எல்எஸ் --வேர்ஷன்' என்று இட்டுத் தமது பதிப்பு 9.0 அல்லது அதற்குப் பிந்தியதா என்று பார்த்துக்கொள்ளவும். அதற்கு முந்தியதாயின் இரண்டாவது பகுதியை விட்டுவிடவும். மாக் பாவனையாளர்களுக்கு இந்த வரி பொருந்தாது.